ஒரு சுவருக்கு இரண்டு கோடு

மார்ச் 3

தம்பிக்கு,

என் வீட்டுக் கிழக்குப் பக்கச் சந்தில் நாலடியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவர் நகரவில்லை. நான் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடம் என்னுடையது இல்லை என்று வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் சொல்லிவிட்டதாம்.

முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். முறை தெரியாதவள் இல்லை நான். ஆத்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டு சுகமா என்று ஆரம்பித்தால் அது பொய்க் கடிதமாகிவிடும். இப்போது கேட்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? உன் முட்டிவலி எப்படி? இங்கே உன் அத்தானுக்கு இடது கை, இடது கால் இன்னும் அப்படியேதான். வாய் மட்டும் முன்பைவிட வேகமாக ஓடுகிறது.

நடந்தது இதுதான். போன வருஷக் கடைசியில் தெருவை அளந்தார்கள். கம்பின் உச்சியில் காளான் மாதிரி ஒரு வெள்ளைத் தொப்பி. அதை மூலைக்கு மூலை ஊன்றிக்கொண்டு போனார்கள். இப்போது சர்வே ஆபீஸில் புது வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இருக்கும் மதில், என் சந்துக்கு உள்ளே வந்து நிற்கிறது. போய்க் கேட்டேன். அங்கே இருந்த சர்வேயர் தலை நிமிரவில்லை.

"மனுஷன் தப்பு பண்ணுவாம்மா. மெஷின் பொய் சொல்லாது."

"மெஷினை யார் பிடிச்சுக்கிட்டு இருந்தது? இன்னொரு மெஷினா?"

"ஆட்சேபணை இருந்தா எழுதிக் குடுங்க. ஜூலைக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. எந்த இடத்துல தப்புன்னு காரணத்தோட எழுதணும். சும்மா தப்புன்னு எழுதினா தள்ளிடுவாங்க."

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. நோயாளிகள் நிற்க இடமில்லாமல் தெருவில் நிற்கிறார்கள். ஆகஸ்டில் மதிலை இடித்துப் புதுக் கோட்டில் கட்டி, ஒரு அறை எடுக்கப் போகிறாராம். அப்படிக் கட்டினால் என் சந்து ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத்தான் மிஞ்சும். வாசலில் படி, படியை விட்டால் நடுரோடு. சக்கர நாற்காலி வெளியே போக இருக்கும் ஒரே வழி, சந்தில் நான் போட்ட சிமென்ட் சரிவுதான். அது போனால் உன் அத்தான் கட்டிலோடு சரி. முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய மனிதர். தெருவைப் பார்க்காவிட்டால் அவர் இருக்கமாட்டார்.

நீ வரைபட அலுவலகத்தில் இருக்கிறாய். நான் படித்தவள் இல்லை. ஆனால் தையல் மெஷினைப் பிரித்துச் சேர்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் அக்கக்காகக் கழற்றிக் கற்றுக்கொண்டேன். இதையும் எனக்குக் கழற்றிக் காட்டு. மேலே இருப்பது என்ன, கையில் இருப்பது என்ன, நடுவில் என்ன. போனில் வேண்டாம். போனில் சொன்னதைத் திரும்பப் படிக்க முடியாது. வரைபடத்தாள் 14, மனை எண் 62. இதையும் கொஞ்சம் பார்.

அத்தான் விசாரித்ததாகச் சொன்னார்.

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். முட்டிவலி பழகிப்போய்விட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். "இன்னொரு மெஷினா" என்ற இடத்தில் என் மனைவி சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது.

மேலே இருந்து ஆரம்பிக்கிறேன். செயற்கைக்கோள் உங்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் கிடையாது. அது ஒரு கடிகாரம். "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும், அவ்வளவுதான். யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

நீங்கள் காளான் என்று எழுதியது ஆன்டெனா. அது அந்தக் குரலைப் பிடிக்கும். அதற்குள் இருக்கும் ரிசீவர், குரல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். ஒரு செயற்கைக்கோளிலிருந்து இவ்வளவு தூரம், இன்னொன்றிலிருந்து இவ்வளவு தூரம். குறைந்தது நான்கு கிடைத்தால் பூமியில் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

ஆனால் வரும் வழியில் காற்றுமண்டலம் குரலைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதனால் ஒரு ரிசீவர் தனியாகச் சொல்லும் இடம் சில மீட்டர் தவறலாம். அதைச் சரிசெய்யத்தான் மற்ற பாகங்கள் எல்லாம். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வெளியூர்த் தாள்கள் நிறைய எங்கள் பிரிவுக்கும் வரும். 62ஐ இந்த வாரமே பார்த்துவிடுகிறேன். கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

கடிகாரம் என்று சொன்னாயே, அங்கேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப டைம் சொல்றவன் மேல ஒண்ணும் தப்பு இல்ல. டைம் சரியாத்தான் சொல்லியிருப்பான். பஸ்ஸை லேட்டா எடுத்தவன் கீழ இருக்கான்" என்றார்.

எனக்கு வேறு யோசனை வந்தது. பல் டாக்டர் வீட்டு மாடியில் தகரக் கூரை. செயற்கைக்கோள் குரல் அதில் மோதித் திரும்பி, சுவரோரம் நின்ற காளானுக்கு வந்திருக்குமோ? குரல் சுற்றி வந்தால் நேரம் கூடும், நேரம் கூடினால் தூரம் கூடும், இல்லையா? சந்தேகம் வந்ததும் ஏணி வைத்துத் தகரத்தைப் பார்க்க ஏறினேன். பல் டாக்டர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்ன பண்றீங்க?"

"உங்க கூரை குரலைத் திருப்பி அடிக்குதான்னு பாக்கிறேன்."

அவர் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். நான் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். என் நாலடி அவர் கணக்கில் இருக்கும்போது வாய் வரவில்லை.

தகரம்தானா காரணம்? எழுது. மற்ற பாகங்களையும் எழுது. 62ஐப் பார்த்தாயா?

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், பதில் தாமதமாகிவிட்டது. ஏணியில் ஏறாதீர்கள்.

தகரத்தில் மோதித் திரும்பும் குரலால் தவறு வரும். நீங்கள் யோசித்தது சரிதான். ஆனால் அது ஒரு சாண், இரண்டு சாண். நாலடி வராது. அதோடு அந்தத் தவறு மூலைக்கு மூலை மாறும், ஒரே மாதிரி இருக்காது.

நடந்துகொண்டே அளக்கிற பகுதிக்கு ரோவர் என்று பெயர். கம்பு, அதன் உச்சியில் ஆன்டெனாவும் ரிசீவரும், கம்பின் இடுப்பில் ஒரு கையடக்கக் கருவி. கருவியின் திரையில்தான் புள்ளிகள் பதிவாகும். கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்கக் குமிழ் ஒன்று உண்டு. குமிழ் வட்டத்துக்குள் இருந்தால் கம்பு நேர். சாய்ந்தால் அளவும் சாயும்.

இன்னொரு பகுதி பேஸ். அது முக்காலியில் ஒரே இடத்தில் நிற்கும்.

வெயிலில் அத்தானை அதிக நேரம் வெளியே வைக்காதீர்கள்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

சுகம்தான். வெயில் பற்றி அத்தானிடம் சொன்னேன். "அவன் ஃபேன் அடியில உக்காந்து எனக்கு வெயிலைப் பத்திச் சொல்றானா" என்கிறார்.

குமிழைப் படித்ததும் கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அளவுக்காரர்கள் இப்போது பக்கத்துத் தெருவில் வேலை செய்கிறார்கள். நேரே போனேன். கம்பு பிடிப்பது ஒரு பெண். இரண்டு பிள்ளைக்குத் தாய், முகம் வெயிலில் கறுத்துக் கிடந்தது. உன் அத்தான் அவளுக்குக் கம்புக்காரி என்று பேர் வைத்துவிட்டார்.

"நீ கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சதாலதான் என் சுவர் உள்ள வந்திருக்கு" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கம்பை என் கையில் கொடுத்தாள். "நீங்களே பிடிங்க. நாலடி தப்பு வர்ற அளவுக்குச் சாயுங்க பாப்போம்."

சாய்த்தேன். கம்பு விழுந்துவிடும்போல ஆனது. தெருவே பார்த்தது.

"இப்படிப் பிடிச்சு நான் வேலை பார்த்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, இல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சொன்னது சரி. அதனால் என் சுவர் தப்பு என்று ஆகாது.

சரி, பேஸுக்கு வா. மற்ற பாகங்களுக்கெல்லாம் பத்தி பத்தியாக எழுதிய நீ, பேஸுக்கு மட்டும் இரண்டு வரியில் கதவைச் சாத்திவிட்டாய். தையல் கோணலாகப் போனால் வருகிறவர்கள் எல்லாரும் ஊசியைத்தான் காட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் அடியில், நூல் சுற்றிய பாபினில் இருக்கும். மேல் நூல் அதை நம்பித்தான் ஓடுகிறது. உன் பேஸ் எனக்குப் பாபின் மாதிரித் தெரிகிறது. விவரமாக எழுது.

62 பற்றியும் இந்தக் கடிதத்தில் பேச்சில்லை. தாள் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று எழுது.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீங்களும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டபடி எழுதுகிறேன். பேஸ் என்பதும் ஆன்டெனாவும் ரிசீவரும்தான். ஏற்கெனவே அளந்து, இடம் உறுதியாகத் தெரிந்த ஒரு கல்லின் மேல் முக்காலி போட்டு நிறுத்துவார்கள். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லிவிடுவார்கள். செயற்கைக்கோள் சொல்லும் இடம் ஒன்று, கல்லின் உண்மையான இடம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேஸ் ரேடியோ மூலம் ரோவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோவர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். சில மீட்டர் தவறு ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிடும். நீங்கள் சொன்ன பாபின் பொருத்தம்தான்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் நாலடிக்காக ஏணியும் கம்புமாக அலைய வேண்டுமா? எங்கள் வீட்டில் கீழே ஒரு அறை காலியாக இருக்கிறது. வாசல் சமதளம். அத்தானை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அவளும் அதைத்தான் சொல்கிறாள். யோசியுங்கள்.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் வீட்டு அறைக்கு நன்றி. நான் கேட்காத சட்டைக்கு நீயாக அளவு எடுத்திருக்கிறாய். நாங்கள் வரமாட்டோம்.

அத்தானிடம் கேட்டேன். "சமதளம்னா நல்லதுதான். ஆனா அந்தத் தெருவுல என்னைத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கானா? நான் யாரைப் பாத்துக் கை ஆட்டுவேன்?" என்றார். பிறகு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

இப்போது கவனமாகப் படி. கிழக்கே தெருக்கடைசி வரைக்கும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். மேற்கே உள்ள வீடுகளில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. பல் டாக்டர் வீட்டிலிருந்து கிழக்கே எல்லோருக்கும் ஒரே கதை. மேற்குப் பக்கம் நாலடி கூடியிருக்கிறது, கிழக்குப் பக்கம் நாலடி போயிருக்கிறது. கடைசி வீட்டு லாரி டிரைவருக்கு நோட்டீஸே வந்திருக்கிறது, கிழக்குச் சுவர் பொது இடத்தில் நிற்கிறதாம், இடிக்க வேண்டுமாம்.

"மேற்கு பக்கம் என்ன ஆச்சு?" என்றேன்.

"அங்க நாலடி கூட வந்திருக்கு பெரியம்மா. அதைப் பத்தி நான் ஏன் வாயைத் திறக்கணும்?"

"உன்னை மாதிரியே தெருவுல எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க. வந்த பக்கத்தை மட்டும் பாக்குறீங்க. போன பக்கத்தை மறந்துடறீங்க."

"நீங்க மட்டும்?"

"எனக்கு வந்த பக்கம்னு ஒண்ணு இல்லடா. போன பக்கம் மட்டும்தான்."

பல் டாக்டரும் அப்படித்தான். மருந்து வைக்கும் அறைப் பக்கம் அவருக்கு நாலடி குறைந்திருப்பதை நான்தான் போய்க் காட்டினேன். வரைபடத்தை வாங்கி அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "அம்மா, இந்தப் பக்கத்தை நான் பாக்கவே இல்ல" என்றார்.

அதாவது, என் வீட்டிலிருந்து கிழக்கே உள்ள பாதித் தெருவும் கூண்டோடு மேற்கே தள்ளி வந்திருக்கிறது. கம்பு சாய்ந்தால் அப்படி வராது. தகரத்தாலும் வராது. எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே பக்கம். அப்படியானால் பாபின்தான்.

கம்புக்காரியிடம் திரும்பப் போனேன். இந்தத் தடவை சண்டைக்குப் போகவில்லை. மோர் எடுத்துக்கொண்டு போனேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"உங்க தெருவுல காலையில நல்லாத்தான் போச்சு. உங்க வீட்டோட நிறுத்திச் சாப்பிடப் போனோம். தண்ணி லாரி பின்னால வந்து முக்காலியை இடிச்சு விட்டுடுச்சு. பேஸ் கீழ. கல்லு லாரிக்கு அடியில மாட்டிக்கிச்சு, டிரைவரைக் காணோம். மேஸ்திரி அவசரப்பட்டாரு. பக்கத்துலயே முக்காலியை வச்சு, 'நிக்கிற இடத்தையே எடுத்துக்கோ'ன்னு ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கிட்டாரு. சாயங்காலம் கல்லு மேல ஒரு தடவை கம்பை வச்சுச் சரி பாத்திருக்கணும். பாக்கல."

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பென்றால் சொல். அந்தப் பட்டனை அமுக்கினால் பேஸ் தனியாளாகத் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. தனியாளின் கணக்கு சில மீட்டர் தவறும் என்று நீயே முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறாய். தான் நிற்கும் இடமே தெரியாத ஆள், மற்றவருக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இதை நீ போன கடிதத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கலாம். பேஸை நன்றாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதினாய். தப்பாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியாததா?

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. என் மதிலைக் காலையில் என் பக்கத்திலிருந்து அளந்தார்கள். மத்தியானம் பல் டாக்டர் பக்கத்திலிருந்தும் அளந்தார்கள். கம்புக்காரியே சொன்னாள். ஒரே மதில், இரண்டு அளவு. அப்படியானால் வரைபடத்தில் நாலடி இடைவெளியில் இரண்டு கோடு வந்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் தாளில் ஒரு கோடுதான் இருக்கிறது.

இன்னொரு கோட்டை யார் அழித்தது?

பதில் எழுது. அந்தப் பதிலைத்தான் ஆட்சேபணையில் எழுத வேண்டும்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் அண்ணன் உடம்பும் எப்படி இருக்கின்றன? இங்கே எல்லோரும் சுகம்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடைசிக் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. முன்பெல்லாம் உங்கள் கடிதம் வந்தால் எனக்குப் படித்துக் காட்டுவார். ஏப்ரலிலிருந்து சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட அலுவலகத்துக்குப் போய்வந்தார். என்னவென்று கேட்டால், "அக்காவுக்குப் பதில் எழுதணும்" என்பார். பேப்பரை எடுத்து வைப்பார். "அன்புள்ள அக்காவுக்கு" என்று எழுதுவார். அதற்கு மேல் எழுதமாட்டார். அப்படி நாலைந்து தாள் குப்பையில் பார்த்தேன்.

அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். இதுவரை ஒரு கெட்ட பெயர் இல்லை. அலுவலகத்தில் ஏதாவது பிரச்சினையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கொஞ்சம் மென்மையாக எழுதுங்கள் அண்ணி. நீங்கள் சொன்னால்தான் கேட்பார்.

உங்கள் தம்பி மனைவி


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? அத்தான் எப்படி இருக்கிறார்? நாங்கள் நலம்.

தாமதத்துக்கு வருந்துகிறேன். நீங்கள் புரிந்துகொண்டது சரி. எல்லாமே சரி. பேஸ் தவறான இடத்தில் நின்றது. அதனால் மத்தியானம் எடுத்த புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு நகர்ந்திருக்கின்றன.

கோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்படி நடப்பதுண்டு. வெளியூர்த் தாள்கள் கட்டுக்கட்டாக வரும். ஒவ்வொரு தாளையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். 62க்கும் பல் டாக்டரின் 63க்கும் நடுவில் இரண்டு கோடு இருந்தது. சரிபார்த்தவர் அதைப் பார்த்தார். அவருக்கு அது வீடாகத் தெரிந்திருக்காது, எண்ணாகத்தான் தெரிந்திருக்கும். களத்துக்குத் திருப்பி அனுப்பினால் ஒரு மாதம் போகும், மேலே இருந்து நெருக்கடி. பிறகு எடுத்த அளவுதான் திருந்திய அளவாக இருக்கும் என்று நினைத்துச் சரிபார்த்தவர் முதல் கோட்டை நீக்கிவிட்டார். யாருக்கும் தீங்கு நினைத்துச் செய்யவில்லை.

இப்போது வழி இருக்கிறது. நீங்கள் ஆட்சேபணை எழுத வேண்டியதில்லை. காலையில் எடுத்த கோடு இன்னும் கோப்பில் இருக்கிறது. 62ஐ மட்டும் எழுத்துப்பிழை என்று காட்டிச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். நான் பேசிவிட்டேன். மாதக் கடைசிக்குள் உங்கள் சந்து உங்களுக்கு வந்துவிடும். அத்தானுக்கு ஒரு குறையும் வராது. சரிபார்த்தவருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். அவள் நல்லவள்.

சரிபார்த்தவர், சரிபார்த்தவர் என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறாய். அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அவருக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பதையும் ஞாபகப்படுத்து. எனக்கு மெஷின் தெரியாது, நீ சொல்லித்தான் தெரியும். உன்னை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த வாரமே 62ஐப் பார்க்கிறேன் என்று எழுதியவன், அதற்குப் பிறகு ஜூலை வரைக்கும் அந்த எண்ணையே எழுதவில்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம். இருக்காது என்று நான்தான் தகரத்தையும் கம்பையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

அத்தானிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சந்து வருகிறது என்றதும் முகம் மலர்ந்தது. மிச்சத்தையும் படித்தேன். "நமக்கு மட்டும் கோடு நகர்ந்தா, அந்த நாலடியை யார் குடுக்கிறது?" என்றார். அந்தக் கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை, அதனால் நான் சொன்னேன். பல் டாக்டர் கொடுப்பார். என் பக்கத்து நாலடி அவரிடமிருந்து போகும். மருந்து அறைப் பக்கம் போன நாலடி அவருக்குத் திரும்பாது. நான் விழுந்த குழியில் அவரைத் தள்ளிவிட்டு நான் ஏறிக்கொள்ள வேண்டும். நான் ஏணியில் நின்றபோது அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்மதம் இல்லைன்னு எழுது" என்றார் அத்தான். "கட்டில்ல கிடந்தாலும் கிடப்பேன்." சொல்லும்போது அவர் கண் சரிவுப் பக்கம் போனது. ஆனாலும் சொன்னார். அதனால் எழுதுகிறேன். சம்மதம் இல்லை.

உன் மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. நீ முதல் கோட்டை அழித்தபோது அது யார் வீடு என்று உனக்குத் தெரியாது. அதை நம்புகிறேன். தெரிந்த பிறகும் இரண்டு கடிதம் எனக்குக் கம்பையும் குமிழையும் பற்றிப் பாடம் எழுதினாயே, அது எனக்குச் செரிக்கவில்லை. வேறு யாரோ ஒரு கிழவியின் சுவராக இருந்திருந்தால் சத்தமில்லாமல்கூடத் திருத்தியிருக்க மாட்டாய். அதுவும் செரிக்கவில்லை.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

சரிபார்த்தவர், தாள் 14இல் இரண்டு கோடு இருந்ததையும், கேட்காமல் ஒன்றை நீக்கியதையும் தன் பெயரில், தன் கையெழுத்தில், தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூலைக் கடைசிக்கு முன்னால். "நடப்பதுண்டு" என்ற வார்த்தை அதில் இருக்கக் கூடாது.

சர்வேக் கம்பெனி மறுபடி அந்தக் கல்லின் மேல் முக்காலி போட்டு, மத்தியானப் புள்ளிகள் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்து, கிழக்குப் பாதியை மொத்தமாக நகர்த்த வேண்டும். ஒரு வீட்டை அல்ல, எல்லா வீட்டையும். லாரி டிரைவரின் நோட்டீஸை அதை அனுப்பியவர்களே வந்து திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டனை அமுக்கிய மேஸ்திரி நடந்ததை எழுதித் தர வேண்டும். கம்புக்காரி ஒன்றும் செய்ய வேண்டாம். அவள் சொன்னாள் என்று எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது. வந்தால் நான் அங்கே வந்து நிற்பேன்.

பல் டாக்டர் மதிலை இப்போது தொடக் கூடாது. நேற்றுப் போய்ச் சொன்னேன். ஏணி பிடித்ததற்கு நன்றியும் சொன்னேன். ஆட்சேபணையில் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். தெருவில் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவது லாரி டிரைவர் வேலை. வந்த பக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அவன்தான் பேச வேண்டும், வாய் இருக்கிறது.

ஆட்சேபணை எழுதுவது நான். எழுதி முடித்துவிட்டேன். காரணம் கேட்டார்களே, காரணம் இருக்கிறது. சரிபார்த்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நான் எழுதப்போவதில்லை. அவரே எழுதட்டும்.

அத்தான் தினமும் சாயங்காலம் சரிவில் இறங்கித் தெருவில் உட்கார வேண்டும். அது அவர் பொறுப்பு.

நீ அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததும் அதோடு நின்றுவிடாமல் இங்கே வர வேண்டும். உன் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. தெருக்கடைசியில் இறங்கிக் கிழக்கிலிருந்து நடந்து வா, அந்த வீடுகளை எல்லாம் எண்ணாக இல்லாமல் வீடாகப் பார்த்துக்கொண்டு. வந்து என் கதவைத் தட்ட வேண்டும்.

கதவைத் திறப்பது நான். உடனே திறக்கமாட்டேன். நின்றுகொண்டிரு.

உன் அக்கா